புகை போட்ட களஞ்சியம்

முஹ்ஸின் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். கூப்பிட்ட இடத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டான்.

தெரணியகலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. முன்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீர்வீழ்ச்சி வரைந்த திரை, அதற்கும் பின்னால் அவனுடைய கம்பியூட்டர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறினாலும், அந்தப் படங்கள் அந்தக் கம்பியூட்டருக்குள் போய், முகத்துக்குக் கொஞ்சம் வெள்ளை பூசிக்கொண்டு, பின்னால் ஒரு சுவிட்சர்லாந்து மலையையும் வைத்துக்கொண்டுதான் ஆல்பமாக வெளியே வரும். தான் ஏறி இறங்கும் மலையைப் பின்னால் வைத்துத் தரச் சொல்லி இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

2007ஆம் ஆண்டு ஆவணி மாதம் எஹலியகொடையில் ஒரு திறப்பு விழாவைப் படம் பிடிக்க அவனை அழைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் சப்ரகமுவத் தோட்ட மரபுரிமை எண்ணிமக் களஞ்சிய அமையம். பெயர் ஒரு சுவரில் அடங்காததால் பலகை மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரில் முடிந்தது. இரத்தினபுரிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள் ஒரு பாதியையும் கொழும்புப் பக்கமிருந்து வருபவர்கள் மறு பாதியையும் வாசித்துக்கொண்டார்கள். முழுப் பெயரையும் வாசிக்க வேண்டுமானால் இறங்கி நடக்க வேண்டும். தோட்டத்து மக்களின் பழைய படங்கள், பாட்டுகள், திருவிழாக்கள் எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றி, உலகம் உள்ளவரை அழியாமல் வைத்திருப்பதே அமையத்தின் நோக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. செலவை ஐரோப்பாவில் எங்கேயோ இருந்த ஒரு நிதியம் பார்த்துக்கொண்டது.

விழாப் படங்களை அங்கேயே திரையில் காட்ட வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டதால், முஹ்ஸின் தன் கம்பியூட்டரையும் திரீ வீலரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான். அங்கேதான் வினை பிடித்தது. பிரதம விருந்தாளி விளக்கேற்றிவிட்டு, களஞ்சிய மென்பொருளைப் பொத்தானை அமுக்கித் தொடக்கி வைத்தார். மென்பொருள் வணக்கம் சொன்னது. பிறகு, அந்த நிறுவனத்தில் ஒருவரும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டது. கோப்புகளை எங்கே வைப்பது?

களஞ்சியம் திறந்தவர்களுக்கு, உள்ளே வைக்க ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அதுவரை வந்திருக்கவில்லை. அமையத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் சுமன், கொழும்பிலிருந்து வந்தவர், சுற்றும் முற்றும் பார்த்தார். முஹ்ஸினின் கம்பியூட்டர் கண்ணில் பட்டது. தற்காலிகமாக இதிலேயே வைப்போம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். விருந்தாளிக்கு நேரமாகிறதே என்று முஹ்ஸினும் தட்டினான்.

மறுநாள் எடுத்துப்போக வந்தபோது கம்பியூட்டருக்குச் சொத்து இலக்கம் ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய இடம் சரியாக சீடி போடும் வாய். அதை உரிக்க நிர்வாக சபையின் தீர்மானம் வேண்டுமாம். வைரஸ் நுழையாமல் பென் டிரைவ் போடும் துளைகளுக்கும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கோப்புகளை எங்கே வைப்பது என்று முடிவானதும், உரிய சேமிப்பு இயந்திரம் வாங்கப்பட்டதும், நாலைந்து நாட்களில் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் ஜீவராணி மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அவள் எதையும் மரியாதையாகத்தான் சொல்வாள். அதனால் யாரும் அவளிடம் கோபித்துக்கொள்ள முடியாது.

அந்தக் கம்பியூட்டருக்குள்தான் மருதாயியின் மகள் சுமித்ராவின் கல்யாணம் இருந்தது. மருதாயி மொட்டக்கல் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவள். ஒரே மகளைப் பெல்மதுளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஆல்பம் தீபாவளிக்குள் தருவதாக முஹ்ஸின் வாக்குக் கொடுத்திருந்தான். கமராவில் இருந்த படங்களை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்தையும் எடுத்தாகிவிட்டது. அந்தப் பெட்டி போனால் சுமித்ராவுக்குக் கல்யாணமே நடக்காத மாதிரி.

அவனுக்கு அன்றைக்கு அவ்வளவு பயம் வரவில்லை. ஒரு பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யப் படித்த மனிதர்களுக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்?

முதல் கூட்டத்துக்கு அவனையும் கூப்பிட்டார்கள். அவனுடைய கம்பியூட்டரின் சுவிட்ச் ஒரு முரட்டுப் பிறவி. இடது பக்கமாகச் சரித்து, பெருவிரலால் அமுக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்தால்தான் எழும்பும். அந்தப் பக்குவம் அவன் ஒருவனுக்குத்தான் கை வந்திருந்தது. ஆகவே அவனைச் 'சேமிப்புப் பங்குதாரர்' என்று பதிந்து, ஒரு கதிரையும் கொடுத்து, பிளேன் டீயும் பட்டிஸும் கொடுத்தார்கள்.

தலைவர் இராமசாமி, மொட்டக்கல் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சங்கதி அவருடைய உடம்புக்கு இன்னும் தெரியவந்திருக்கவில்லை. வெள்ளைக் காற்சட்டையும் நீளக் காலுறையும் சப்பாத்துமாகத்தான் வருவார், கையில் குடை இருக்கும். சுமன் மூன்று வழிகளை முன்வைத்தார். சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கி அதில் பல வட்டுகளை அடுக்கலாம். நாடாவில் பதிந்து பெட்டிகளில் பூட்டி வைக்கலாம். அல்லது இப்போது வெளிநாட்டில் புதிதாக வந்திருக்கிறபடி, இன்டர்நெட் வழியே யாருடைய இயந்திரத்திலோ வாடகைக்கு இடம் எடுக்கலாம்.

வட்டு அடுக்கைத் தலைவர் முதலில் விரும்பினார். ஒரு வட்டு செத்தாலும் மற்றது அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் என்று சுமன் விளக்கியபோது, தோட்டத்திலும் அப்படித்தான், ஒருத்தன் வராவிட்டால் பக்கத்து ஆள் அவன் மரங்களிலும் பால் வெட்ட வேண்டும் என்று தலையாட்டினார். பிறகு யோசித்துவிட்டு, ஓர் ஆள் செய்யக்கூடிய வேலைக்கு இரண்டு ஆட்களைப் பேர் பதிந்தால் துரை என்ன சொல்லுவார் என்று கேட்டார். அங்கே தோட்டத்தை ஆளும் துரை ஒருவரும் இல்லை. இருந்தாலும் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் வட்டு அடுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நாடா, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் ஒத்திவைக்கப்பட்டது. வாடகை இடம் பற்றி மட்டும் தலைவர் எழும்பி நின்று பேசினார்.

"படம் நம்மளது, பெட்டி அவங்களது. நாளைக்கே அவங்க லயத்த விட்டு எழும்புன்னா நாம எங்க போறது? எரநூறு வருசமா அடுத்தவன் கூரைக்குக் கீழ இருந்து பார்த்தாச்சு, போதும்."

தோட்டம் ஆட்களைக் குடிவைக்கும் வரிசை அறைகளுக்குத்தான் லயம் என்று பெயர். அன்றைக்கு அவர் பேசியதில் அது ஒன்றுதான் முஹ்ஸினுக்குப் புரிந்தது. புரிந்ததால், அதையே கொஞ்சம் நீட்டி, அடுத்தவனுடைய பெட்டியில் வைப்பது சரியில்லை என்றால் தன்னுடையதைத் திருப்பித் தரலாமே என்று பணிவாகக் கேட்டான். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று ஜீவராணி மரியாதையாகச் சொன்னாள்.

சரி, கல்யாணப் படங்களையாவது ஒரு சீடியில் போட்டு எடுக்கலாமா என்றான். அது பிரதி எடுத்தல். பிரதி எடுப்பது பற்றிய கொள்கை, சேமிப்பது பற்றிய கொள்கைக்குப் பிறகுதான் வரும். சேமிப்புக் கொள்கை, இடம் முடிவான பிறகு வரும். இடம் அடுத்த கூட்டத்தில் வரும்.

இப்படியே தீபாவளி போனது. பொங்கலும் போனது. மருதாயி ஒவ்வொரு சனிக்கிழமையும் பால் வெட்டி முடித்துக் குளித்துவிட்டு, தெரணியகலைக்கு வந்து ஸ்டூடியோ வாசல் படியில் உட்கார்ந்தாள். அவள் சத்தம் போடவில்லை. வருகிற போகிற ஆட்களிடம், முஹ்ஸின் நானா என் மகள் கல்யாணத்தைப் பெட்டியில் போட்டு எஹலியகொடைக்குக் கொடுத்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணக்காரர்கள் வேறு ஸ்டூடியோ தேடிப் போனார்கள். பெல்மதுளையில் சம்பந்தி வீட்டார், படம் எடுத்த ஆள் உண்மையில் கமராவுக்குள் பிலிமே போடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பிலிம் போடாத கமரா என்று விளக்கம் சொல்லப்போய் முஹ்ஸின் இன்னும் கெட்ட பெயர் வாங்கினான். நல்ல பெயர் ஒன்றைத் தவிர வேறு மூலதனம் இல்லாத மனிதன் அவன். அது கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது.

அவன் மனைவி லதீபா ஒரு நாள் கேட்டாள். "ஒங்கட பெட்டியக் கேட்டு வாங்க ஒங்களுக்கு வாயில்லையா?"

"வாய் ஈக்கி. அவங்களுக்குக் காது இல்ல," என்றான் முஹ்ஸின்.

அமையத்தில் வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தலைவர் ஒவ்வொரு நாளும் காலையில் பெரட்டு நடத்தினார். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை ஒரு திடலில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். பேர் கூப்பிடாத இடத்தில் எது இருக்கிறது, எது ஓடிப்போனது என்று எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி. ஆகவே ஜீவராணி வாசலில் நின்று களஞ்சியத்தில் இருந்த கோப்புகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். சுவிட்சை எழுப்புவதற்காகவே நாள்தோறும் வரவேண்டியிருந்த முஹ்ஸின் அந்தக் கோப்பைத் திறந்து காட்டி, வந்திருக்கு என்பான். களஞ்சியத்தில் அப்போது மூன்று கோப்புகள் இருந்தன. திறப்பு விழாப் படம், தலைவரின் திறப்பு உரை, இன்னும் ஏன் முடிவு செய்யவில்லை என்று சுமன் எழுதிய அறிக்கை. சுமனின் அறிக்கை பருமனானது, திறக்கத் தாமதமாகும். பிந்தி வருகிற ஆளுக்குத் தோட்டத்தில் அரைநாள் சம்பளம்தான், அதை அரைப்பேர் என்பார்கள். அந்த அறிக்கைக்குப் பல நாட்கள் அரைப்பேர் விழுந்தது. சுமன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், கோப்புகளுக்கு நாள்தோறும் வரவு பார்க்கும் முதல் களஞ்சியம் நாங்களே என்று ஐரோப்பாவுக்கு ஒரு கட்டுரை எழுதினார். பாராட்டி மின்னஞ்சல் வந்தது. கீழே ஒரு வரியும் இருந்தது. இதுவரை எத்தனை கோப்புகள் சேர்ந்திருக்கின்றன?

மூன்று என்று எழுத யாருக்குக் கை வரும்? அவசரக் கூட்டம் கூடியது. சுமன் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"இது ரொம்ப கிரிட்டிக்கலான கேள்வி. எங்க வைக்கிறதுங்கிறதுக்கு அவசரப்பட்டு விடை சொன்ன நிறுவனம் ஒண்ணும் இப்ப உயிரோட இல்ல. நாங்க இருக்கிறோம்னா, விடை சொல்லாததாலதான் இருக்கிறோம். ஆனா எத்தனைங்கிறதுக்கு விடை இருக்கு. எங்க சேமிப்புல இருக்கிறதெல்லாம் எங்க கோப்புதானே?"

அன்றைக்கே முஹ்ஸினின் கம்பியூட்டரில் இருந்த கல்யாணப் படங்கள் அத்தனையும் 'சப்ரகமுவத் தோட்டத் திருமணச் சடங்குகள்: ஓர் அரிய தொகுப்பு' என்று பதியப்பட்டன. நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். சுவிட்சர்லாந்து மலைகளைப் பார்த்த ஐரோப்பாக்காரர்கள், சப்ரகமுவவில் பனி பெய்வது தங்களுக்கு இதுவரை தெரியாது என்று ஆச்சரியப்பட்டு எழுதினார்கள். மறுநாள் பெரட்டு காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை நடந்தது.

இந்தச் செய்தியோடு முஹ்ஸின் மருதாயியின் முன்னால் நின்றபோது அவனுக்கு அவமானமாக இருந்தது. உங்கள் மகளுடைய படங்கள் இப்போது மரபுரிமையாகிவிட்டன என்று ஒரு தாயிடம் எந்த முகத்தோடு சொல்வது? மருதாயி கேட்டுவிட்டு, மரபுரிமை என்றால் திருப்பித் தரமாட்டார்களா என்றாள். பிறகு அவனோடு பஸ் ஏறி எஹலியகொடைக்கே வந்துவிட்டாள்.

அவளுக்கும் கதிரை கொடுத்து உட்கார வைத்தார்கள். தொகுப்பைப் பார்க்க ஆய்வாளர்களுக்குத்தான் அனுமதி என்று ஜீவராணி விளக்கினாள். பிறகு இரக்கப்பட்டு, ஆய்வாளராகப் பதிந்துகொள்ளச் சொன்னாள். ஆய்வுத் தலைப்பு என்னவென்று கேட்டாள்.

"சுமித்ரா கல்யாணம்," என்றாள் மருதாயி.

ஆய்வின் அவசியம் என்னவென்று ஜீவராணி கேட்டாள். மருதாயி கதிரையின் நுனிக்கு வந்தாள். "எம்புள்ள மாலையும் கழுத்துமா எப்படி இருந்துச்சுன்னு நான் இன்னும் சரியாப் பார்க்கலம்மா. அன்னைக்கு முழுக்க அடுப்படியிலயே நின்னேன்."

ஜீவராணி எழுதுவதை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்தத் தலைப்பில் ஏற்கெனவே வேறு ஆய்வு நடந்திருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்குக் கொடுத்திருந்த கேள்விகள் அவை. அவள் என்ன செய்வாள்?

சித்திரை கழிந்து பெருமழை பிடித்தது. எஹலியகொடை மழை சும்மா மழை இல்லை. இரவு கழற்றி வைத்த செருப்பில் காலையில் பச்சை முளைத்திருக்கும். ஒரு நாள் பெரட்டின்போது கம்பியூட்டரின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருப்பதைத் தலைவர் கண்டார். முஹ்ஸின் ஒரு துணியை எடுத்துத் துடைக்கப் போனான். தலைவர் தடுத்தார். மேலே துடைத்தால் உள்ளே இருக்கிறது போகுமா? றப்பர் பாலை உறைய வைத்து, தட்டையாக அமுக்கி, சீட்டாக்கியதும் தோட்டத்தில் என்ன செய்கிறோம்? புகை போடுகிறோம். புகை போட்ட சீட் கப்பலேறிச் சீமைக்குப் போகும், பூஞ்சணம் கிட்டே வராது. தோட்டத்தில் கெடாமல் இருப்பதெல்லாம் புகை போட்டதுதான் என்று அவர் முடிவாகச் சொன்னார்.

சுமன் மறுப்பார் என்று முஹ்ஸின் அவரை நம்பிப் பார்த்தான். சுமன் யோசித்தார். வட்டா, நாடாவா, வாடகையா என்ற மூன்று வழிகளுக்கும் அப்பால், உள்ளூர் அறிவில் வேரூன்றிய நாலாவது வழியாக இது அமையக்கூடும் என்றார். ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பும் உடனே சொன்னார். முஹ்ஸின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் பிடித்து மெதுவாக விலக்கினார்கள்.

மொட்டக்கல் தோட்டத்துப் புகை அறையைப் பார்த்துக்கொள்கிறவர் இருளப்பன். பழைய கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார் என்பதால் கேள்வி கேட்காமல் கம்பியூட்டரைக் கயிற்றில் கட்டி, மூங்கில் கொடியில் றப்பர் சீட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். மின்சாரம் இல்லை, வயர் இல்லை என்பதால் தீப்பிடிக்காது என்று சுமன் எழுதிக்கொடுத்தார். கீழே றப்பர் விறகை மூட்டினார்கள். முஹ்ஸின் புகை அறை வாசலிலேயே குந்தியிருந்தான், சொந்தக்காரனை உள்ளே வைத்து ஒப்பரேஷன் பண்ணும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறவன் மாதிரி. விறகைக் குறைத்து வைக்கும்படி இருளப்பனைக் கெஞ்சினான். அவரும் பாவம் பார்த்துக் குறைத்து வைத்தார்.

சீட்டுகள் பதமாகி இறங்கிய நாளில் கம்பியூட்டரும் இறங்கியது. தேன் நிறத்தில் மினுங்கியது. இருளப்பன் பழக்க தோஷத்தில் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, இரண்டாம் தரம் என்று மதிப்பிட்டார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குமிழ் விட்டிருக்காவிட்டால் முதல் தரம் போட்டிருப்பாராம். தலைவர் அதையும் பதியச் சொன்னார்.

பால் வாளியோடு அந்த வழியே வந்த மருதாயி, புகை நாறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முஹ்ஸின் இருந்த கோலத்தைப் பார்த்தாள். அவனுடைய கண் சிவந்திருந்தது. புகையால் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் வந்து குந்தினாள்.

"கெஞ்சாதீங்க நானா. இவுங்களப் பத்தி எனக்குத் தெரியும். ஒழுங்கா வேலைக்கு வர்றவனச் சாகுற மட்டும் விடமாட்டாங்க. வராதவனத்தான் வெரட்டிவிடுவாங்க."

அவள் போய்விட்டாள். முஹ்ஸின் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்தான்.

பெட்டி எஹலியகொடைக்குத் திரும்பியது. எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவன் வயரைச் சொருகி, இடது பக்கமாகச் சரித்து, பெருவிரலால் அமுக்கிக் கொஞ்ச நேரம் பிடித்தான். உள்ளே விசிறி இருமியது. திரையில் வெளிச்சம் வந்தது. சுமித்ரா மாலையும் கழுத்துமாகச் சுவிட்சர்லாந்தில் நின்று சிரித்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. உடனே அணைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் பெரட்டில் ஜீவராணி முதல் கோப்பைக் கூப்பிட்டாள். முஹ்ஸின் வலது பக்கமாகச் சரித்து, சுண்டுவிரலால் அமுக்கினான். பெட்டி எழும்பவில்லை. வரவில்லை என்று ஜீவராணி எழுதினாள். அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. சுகமில்லை என்றால் டிஸ்பென்சரியில் மருந்துத் துண்டுச் சீட்டு எடுத்து வந்திருக்க வேண்டும் என்றார் தலைவர். துண்டு இல்லை என்றான் முஹ்ஸின். திருத்தி எடுக்கலாமா என்று சுமன் வாயைத் திறந்தார். தலைவர் கையை உயர்த்தினார். இது தொழில்நுட்ப விஷயம் இல்லை, ஒழுங்கு விஷயம் என்றார். சுமனுக்குப் பெரிய நிம்மதி. பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

விசாரணை வைத்தார்கள். கம்பியூட்டரை ஒரு கதிரையில் உட்கார வைத்து, சரியாமல் துணியால் கட்டி, குற்றச்சாட்டை வாசித்துக் காட்டினார்கள். விளக்கம் சொல்ல விருப்பமா என்று தலைவர் கேட்டு, உரிய நேரம் காத்திருந்தார். எதிராளி எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று ஜீவராணி பதிந்தாள். பிறகு இராமசாமி எழுந்தார். முப்பது வருட உத்தியோகமும் அவருடைய குரலில் நின்றது.

"எனக்கு இவர் மேல தனிப்பட்ட கோவம் இல்ல. உள்ள நாலாயிரம் படம் வச்சிருக்கலாம், பெரிய கெட்டிக்காரரா இருக்கலாம். அது எனக்குத் தேவையில்ல. என் உத்தியோகத்துல யார் என்ன வேல செஞ்சாங்கன்னு ஒரு நாளும் நான் பார்த்ததில்ல. வந்தாங்களா, வரலையா, அத மட்டும்தான் பார்த்தேன். அதனாலதான் என் மேல ஒரு பிசகு கிடையாது. இவருக்குப் பத்துச்சீட்டு எழுதுங்க."

தோட்டத்தை விட்டு ஆளை அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு அது. வேலை போனவன் லயத்து அறையையும் காலி செய்துகொண்டு போக வேண்டும் என்பது முறை. ஆகவே சீட்டில், தன் சாமான்கள் யாவற்றோடும், ஒன்றும் மிச்சம் வைக்காமல், அன்றைக்கே வெளியேற வேண்டும், திரும்ப வேலைக்கு எடுக்கப்படமாட்டார் என்று தலைவரே கைப்பட எழுதினார். சாமான்கள் என்பதில் கல்யாணப் படங்களும் அடங்கும், திறப்பு விழாப் படமும் அடங்கும், அவருடைய உரையும் சுமனின் அறிக்கையும்கூட அடங்கும். சொத்து இலக்கத்தையும் உரித்துவிட்டார்கள். முஹ்ஸின் தலையைக் குனிந்தபடியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். திரீ வீலர் எஹலியகொடை டவுனைத் தாண்டியதும் ஓட்டிக்கொண்டிருந்தவன், என்ன நானா பைத்தியமா, தனியாகச் சிரிக்கிறீங்க என்று கேட்டான்.

அன்றிலிருந்து ஸ்டூடியோவில் றப்பர் புகை மணத்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, வருகிறவர்கள் எல்லாருமே அந்த வாசத்தோடு வருகிறவர்கள்தான். முஹ்ஸின் மற்ற வேலை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு சுமித்ராவின் ஆல்பத்தைச் செய்து முடித்தான். அடுத்த சனிக்கிழமை மருதாயி வந்து, முதல் தடவையாக வாசல் படியில் உட்காராமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு படத்தில் நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் புரட்டவே இல்லை.

அப்போதுதான் வாசலில் வான் வந்து நின்றது. தலைவர், ஆலோசகர், செயலாளர் மூவரும் இறங்கினார்கள். ஐரோப்பாக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்களாம். களஞ்சியத்தில் ஒன்றும் இல்லாததால் இப்போது எதுவும் அழிய வாய்ப்பே இல்லை, இதைவிடப் பாதுகாப்பான களஞ்சியம் உலகத்தில் கிடையாது என்று சுமன் ஓர் அறிக்கை எழுதித்தான் வைத்திருந்தார். இருந்தாலும் வருகிறவர்களுக்கு எதையாவது காட்ட வேண்டுமே. கம்பியூட்டரைத் தற்காலிகமாகத் திரும்பவும் கொடுக்க முடியுமா என்று ஜீவராணி மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

முஹ்ஸின் மேசை லாச்சியைத் திறந்து பத்துச்சீட்டை எடுத்து நீட்டினான். "சேர், பத்துச்சீட்டு வாங்கின ஆளத் திரும்ப வேலைக்கு எடுக்கேலாதுன்னு நீங்கதான் எழுதி ஈக்கிறீங்க."

இராமசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தைத் தலைப்பிலிருந்து கடைசிவரை நிதானமாக வாசித்தார். முகம் மலர்ந்தது. ஒரு புள்ளி பிசகில்லை என்றார். ஆளைத் திரும்ப எடுக்க முடியாது, சட்டம் சட்டம்தான் என்று மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னார். முஹ்ஸினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மெஷினுக்கு எழுதிய முதல் பத்துச்சீட்டு இது, இதைக் கட்டாயம் நம் களஞ்சியத்தில் பாதுகாக்க வேண்டும் என்றார்.

வாயை அடக்க முஹ்ஸினால் முடியவில்லை. "எதில வெப்பீங்க சேர்?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. சுமன் ஏற்கெனவே கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். இது ரொம்ப கிரிட்டிக்கலான கேள்வி என்றார். தலைவர் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் கிடந்த மணமக்கள் சோபாவில் நடுவாக உட்கார்ந்தார். ஜீவராணி பேனையைத் திறந்தாள். எதிர்க் கடைக்குப் பிளேன் டீ சொல்லப்பட்டது.

முஹ்ஸின் சத்தமில்லாமல் பின்னால் போய், வயரைக் கழற்றி, கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு, பின் கதவைக் காலால் திறந்தான். மருதாயி ஆல்பத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னாலேயே வெளியே வந்திருந்தாள். "மழைக்கு முந்திப் போயிருவோம் நானா, சுருக்கா வாங்க," என்றாள்.

உள்ளே கூட்டம் தொடங்கியது. ஜீவராணி வந்தவர்களின் பெயர்களைக் கூப்பிட்டாள். முஹ்ஸின் என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று எழுதிக்கொண்டாள்.